அப்பாவோட பழைய கன்சில்ல டர்போ எஞ்சின்: ஏழு வருஷம் ஓட்டின அனுபவம்

மலேசியாவுல ஈப்போவுக்கு வடக்க ஹைவேல வர்ற மெனோரா டனல் ஏத்தத்துல, பெரோடுவா கன்சில் 850ங்கிற நம்ம ஊரு குட்டிக் காடிய (கார) ஓட்டினவங்களுக்கு இத சொல்லவே வேணாம், ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, எஞ்சின் இழுக்காதுன்னு கை தானா போயி ஏர்கோன அடைச்சிடும். எங்கப்பா 20 வருஷம் அப்படித்தான் ஓட்டினாரு. ஈப்போவுல பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு தைப்பிங் திரும்புறப்ப "கண்ணாடிய இறக்குங்க"ன்னு ஒரு குரல் வரும், அப்புறம் டிக்குன்னு ஏர்கோன் பட்டன், அப்புறம் மூணாவது கியர், சிமெண்ட் லோரி பின்னாடி நாங்க ஊர்ந்துக்கிட்டே போவோம், வலது பக்கம் ஊரே எங்கள தாண்டி போகும். பின் சீட்ல உக்காந்து அத பாத்து பாத்து எனக்குள்ள ஒரு கடுப்பு சேந்திருக்கும் போல, இல்லன்னா 2018ல நான் அந்த வேலைய செஞ்சிருக்க மாட்டேன்.

காடி 1998 மாடல், 850, மேனுவல் கியர், வெள்ளை கலர். அப்பா ரிட்டயர் ஆனதும் எங்கிட்ட குடுத்துட்டாரு, நான் கிள்ளான்ல இருக்கேன், வேலைக்குப் போக வர அதுதான். 2018ல எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பிச்சிருச்சு, வாரத்துக்கு ஒரு தடவ அரை லிட்டர் ஊத்தணும், காலைல ஸ்டார்ட் பண்ணா பின்னாடி நீலப் புகை. காடி ரிப்பேர் பாக்குற போமன் அண்ணன் சொன்னது ரொம்ப சிம்பிள், இன்னொரு 850 எஞ்சின் பழைய எஞ்சின் விக்கிற ஹாஃப்கட் கடைல வாங்கி மாட்டிரு, கூலியோட 1,500 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) முடிஞ்சிடும்னாரு. இப்ப யோசிச்சா அவரு சொன்னதுதான் சரி. நான்தான் "அண்ணே டர்போ போட்டா எப்படி இருக்கும்"னு வாய விட்டேன். அவரு ஸ்பானர கீழ வச்சிட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாரு.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். நம்ம கன்சில் 1994ல வந்தப்பவே அது ஜப்பான் டைஹாட்சு மிராவோட கூடப்பிறந்ததுதான், எல்200 மாடல். ஜப்பான்ல சின்ன காடிக்குன்னு ஒரு தனி வகை இருக்கு, எஞ்சின் 660 சிசிய தாண்டக்கூடாது, பவரும் 64 குதிரைக்கு மேல போகக்கூடாதுன்னு கம்பெனிங்களே பேசி வச்சிருக்காங்க. அந்த எல்லைக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிழிஞ்சு எடுக்கத்தான் அந்த குட்டி எஞ்சின்ல டர்போவ, அதாவது எஞ்சின் விடுற புகையோட வேகத்துலயே சுத்தி உள்ள காத்த அமுக்கித் தள்ளுற சக்கரத்த, மாட்டினாங்க. அந்த காடிங்க பழசானதும் பாதியா வெட்டி கண்டெய்னர்ல இங்க வந்து இறங்கும், அதான் ஹாஃப்கட். நம்ம பசங்க வாய்ல எல்லாம் எல்2, எல்5, எல்9னுதான் வரும், அது மிரா, மூவ் மாடலோட நம்பர். எல்2ன்னா இஎஃப்-ஜேஎல், மூணு சிலிண்டர் டர்போ, கன்சில்ல கிட்டத்தட்ட அப்படியே உக்காந்துக்கும். எல்5ன்னா ஜேபி-ஜேஎல், நாலு சிலிண்டர், 16 வால்வு, டபுள் கேம், அதுவும் அதே 659 சிசிதான், ஆனா எஞ்சின தாங்குற மவுண்டிங்க வெட்டி ஒட்டணும். எல்9 அதுக்கு அடுத்த தலைமுறை, ஜேபி-டிஇடி, அதே எஞ்சின் டைஹாட்சுவோட கோப்பென் ஸ்போர்ட்ஸ் காடிலயும் இருக்கு, வெலையும் அதுக்கேத்த மாதிரி.

நான் எல்5 எடுத்தேன். காரணம் கேட்டா பெருசா ஒன்னும் இல்ல, கடை முதலாளி தவ்கே அந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ணி காட்டினாரு, தரைல கெடந்த பாதி காடில இருந்து அந்த சத்தம் வந்துச்சு பாருங்க, மூணு சிலிண்டர் கன்சில் சிக்னல்ல நிக்கிறப்ப ஸ்டீரிங் கிடுகிடுன்னு ஆடுமே, இது தையல் மெஷின் மாதிரி ஓடுச்சு. அங்கேயே விழுந்துட்டேன். 4,200 வெள்ளி, கியர்பாக்ஸ், வயரிங், ஈசியு (எஞ்சின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), முன் பிரேக், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் சேத்து. ஒன்னு மட்டும் புத்திசாலித்தனமா செஞ்சேன், கஸ்டம்ஸ் பேப்பர் இருக்கான்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிட்டேன். அது இல்லாத எஞ்சின் எவ்வளவு நல்லா இருந்தாலும் தொடாதீங்க. எஞ்சின் மாத்தினா சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேவோட அனுமதி வேணும், புஸ்பாகாம் மாதிரி காடி பரிசோதிக்கிற மையத்துல காட்டணும், கிராண்ட்ல (காடியோட பதிவுப் பத்திரம்) எஞ்சின் நம்பர் மாறணும், இன்சூரன்ஸ்க்கும் சொல்லணும். "எல்லாரும் சும்மாதான் ஓட்டுறாங்க"ன்னு சொல்ற ஆளு ஒருத்தன் எப்பவும் இருப்பான், எக்ஸிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் கைய விரிச்சா அவன் வந்து நிக்க மாட்டான்.

இதுல ஒரு வேடிக்கை, 847 சிசி எஞ்சின எடுத்துட்டு 659 சிசி போட்டிருக்கேன், அதாவது பேப்பர்ல பாத்தா எஞ்சின் சின்னதாயிருச்சு. ரோட்டக்ஸ் 1,000 சிசிக்குள்ள வர்றதால அப்பவும் 20 வெள்ளி, இப்பவும் 20 வெள்ளிதான். மொத்த புராஜெக்ட்ல எனக்கு செலவு ஏறாத ஒரே ஐட்டம் அதுதான்.

மாட்டுற வேலைய எங்க போமன் அண்ணன் எடுத்துக்கல, "நான் ரிப்பேர் பண்றவன்டா, இதெல்லாம் வேற"ன்னுட்டாரு. அதனால டர்போ வேல மட்டும் பண்ற ஒரு பட்டறைல விட்டேன், பேரு வேணாம். மூணு வாரம்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு. மவுண்டிங் வெல்டிங் எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். பழைய 850ல கார்ப்பரேட்டர், இது இஞ்செக்‌ஷன், அதனால எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் போடணும், டேங்குக்கு திரும்பி வர்ற லைனும் இழுக்கணும், அதுவும் ஆச்சு. அவங்க கோட்ட விட்டது வயரிங்ல. ஜப்பான் வயரிங்கயும் நம்ம வயரிங்கயும் முறுக்கி கருப்பு டேப் சுத்தி, ஈசியுவ பக்கத்து சீட்டு கால் வைக்கிற எடத்துல கார்ப்பெட்டுக்கு அடியில சொருகிட்டாங்க. எனக்கு அப்ப ஒன்னும் தெரியல, காடி எடுத்த சந்தோஷத்துல இருந்தேன்.

முதல் நாள் ஓட்டினத மட்டும் கொஞ்சம் சொல்லணும். 3,000 ஆர்பிஎம் வரைக்கும் அதே பழைய கன்சில்தான், சொல்லப்போனா அதவிட சோம்பேறி, ஏன்னா சிசி கம்மி. அதுக்கு மேல ஊசி ஏறினதும் முன்னாடி எங்கேயோ ஒரு மெல்லிய விசில் கெளம்பும், அடுத்த நொடி சீட்டு முதுகுல வந்து இடிக்கும். 64 குதிரைன்னா ஒன்னுமே இல்லியேன்னு கேப்பாங்க, ஆனா காடியோட எடை 700 கிலோ சுத்துவட்டாரம்தான், அந்த உடம்புக்கு அது போதும், போதும்ங்கிறதுக்கு மேலயே. பழைய எஞ்சின் 5,000 போனாலே அழும், இது 8,000 வரைக்கும் சந்தோஷமா ஓடும். ஃபெடரல் ஹைவேல ஏறுற எடத்துல ஒரு பெரிய எம்பிவி காரர் வழி விடாம வந்தாரு, நான் ரெண்டாவது கியர்ல அமுக்கினேன், கண்ணாடில அவரு முகத்த பாத்தேன், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே 4,200 வெள்ளி குடுத்ததா வச்சுக்கலாம்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது சூடு.

இந்த தப்பு முழுக்க என்னோடது. டர்போ அமுக்கி அனுப்புற சூடான காத்த ஆற வைக்கத்தான் இன்டர்கூலர், எஞ்சினோட வந்தது சின்னது, எஞ்சின் மேலயே உக்காரும், பானட்ல காத்து போக ஒரு ஓட்ட வெட்டணும். எனக்கு பானட்ட வெட்ட மனசு வரல, அப்பா காடி இல்லியா, அதோட முன்னாடி கிரில்லுக்குள்ள பெரிய இன்டர்கூலர் தெரிஞ்சா கெத்தா இருக்கும்னு ஒரு ஆசை. அதனால பெருசா ஒன்ன வாங்கி ரேடியேட்டருக்கு முன்னாடி வச்சேன். கன்சிலோட மூஞ்சி எவ்வளவு பெருசு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். இருக்குற கொஞ்ச காத்தையும் இன்டர்கூலர் மறிச்சிருச்சு, பின்னாடி இருந்தது அதே பழைய 850 ரேடியேட்டர். டவுன்ல ஓட்டுறப்ப ஒன்னும் தெரியல.

2019 தீபாவளிக்கு ஊருக்குப் போறோம், பொண்டாட்டி, புள்ள, பின்னாடி முறுக்கு டின்னு. தாப்பா தாண்டி ஜாம், ஊர்ந்து ஊர்ந்து போகுது, குவா தெம்புரோங் ஏத்தத்துல மீட்டர் ஊசி பாதிய தாண்டி மேல போகுது, ஏர்கோன அடைச்சேன், எஞ்சின் சூட்ட கொஞ்சம் இழுக்கட்டும்னு ஹீட்டர முழுசா தொறந்து விட்டேன், தீபாவளி வெயில்ல ஹீட்டர் போட்டுட்டு ஓட்டின ஆளு நானாத்தான் இருப்பேன். ஆனாலும் நிக்கல. அவசரப் பாதைல ஒதுக்கினேன். பானட்ட தொறக்குறப்ப அந்த கூலன்ட் வாசம், இனிப்பா ஒரு வாசம் வரும் பாருங்க, அது மூக்குல ஏறினதும் வயிறு கலங்கிருச்சு. நல்லவேளை மூடிய தொறக்கல, ஒரு மணி நேரம் அப்படியே ஆற விட்டு, குடிக்க வச்சிருந்த தண்ணிய எல்லாம் ஊத்தி, 60லயே ஓட்டி வீடு போய் சேந்தேன். பொண்டாட்டி வழி முழுக்க ஒரு வார்த்த பேசல. வீட்டு வாசல்ல எறங்கினப்ப "பழைய எஞ்சின்ல ஒரு தடவயாவது நின்னுச்சா"ன்னு மட்டும் கேட்டா. நின்னதே இல்ல, அதுதான் உண்மை.

திரும்பி வந்ததும் பழைய போமன் அண்ணன்கிட்டயே போனேன். அவரு பெரிய இன்டர்கூலர கழட்டி கைல குடுத்துட்டு, "ஜப்பான்காரன் எங்க வச்சானோ அங்க வைடா"ன்னாரு. பானட்ட வெட்டினோம், எஞ்சினோட வந்த சின்ன இன்டர்கூலர் மேல ஏறுச்சு, ரெண்டு வரிசை அலுமினிய ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட், புது ஃபேன். எல்லாம் சேத்து 900 வெள்ளிக்கு பக்கம். அன்னைல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஊசி பாதிக்கு கீழேயே நிக்குது. இன்னொரு லாபமும் வந்துச்சு, குழாய் நீளம் கொறஞ்சதால டர்போ இன்னும் சீக்கிரமா எழுந்திரிக்குது. பெரிய இன்டர்கூலர் இன்னும் ஸ்டோர் ரூம்ல கெடக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, பொண்டாட்டி சும்மாவே குடுக்க சொல்றா.

2020 மார்ச் 18ல கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, எம்சிஓ, வந்து எல்லாரும் வீட்டுக்குள்ள, காடி தூங்குச்சு. பேட்டரி செத்துச்சு, அத தவிர ஒன்னும் ஆகல. அந்த வருஷக் கடைசில அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு தைப்பிங்ல கொஞ்ச நாள் தங்க வேண்டியதாச்சு, அப்பதான் வயரிங் பூதம் வெளிய வந்துச்சு. தைப்பிங் மழை எப்படின்னு சொல்லணுமா, தீபகற்பத்துலயே அதிகமா மழை பேயுற ஊரு. ரெண்டு நாள் வெளிய நிறுத்தினேன், மூணாம் நாள் காலைல ஸ்டார்ட் ஆச்சு, ரோட்டுக்கு வந்ததும் பட்டுனு நின்னுச்சு, மறுபடி ஸ்டார்ட், மறுபடி நின்னுச்சு. கார்ப்பெட்ட தூக்கி பாத்தா அடியில தண்ணி குளம் மாதிரி நிக்குது, அதுல ஈசியு பாதி நனைஞ்சு கெடக்கு. பழைய காடி, கண்ணாடிக்கு கீழ இருக்குற ரப்பர்ல இருந்து ஒழுகுது. ஈசியுவ தொறந்து ஃபேன் காத்துல ரெண்டு நாள் காய வச்சேன், அதிர்ஷ்டம், உயிர் வந்துருச்சு. கமுண்டிங்ல வயர் வேல மட்டும் பாக்குற ஒரு பெரியவர் இருக்காரு, அவரு அந்த கருப்பு டேப்ப பிரிச்சு பாத்துட்டு சிரிக்கவும் இல்ல திட்டவும் இல்ல, ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்து போட்டு உக்காந்தாரு, அப்பவே புரிஞ்சிருச்சு எவ்வளவு வேலைன்னு. ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வச்சு ஒட்டி, சூடு பண்ணா சுருங்குற ட்யூப் மாட்டி, ஈசியுவ டேஷ்போர்டு உள்ள மேல தூக்கி கட்டினாரு. 650 வெள்ளி. மொத்த செலவுல இதுக்கு குடுத்த காசுதான் எனக்கு வலிக்கவே இல்ல.

பிரேக்க பத்தி அதிகம் சொல்ல ஒன்னும் இல்ல, ஆனா இத விட்டுட்டு எஞ்சின் மட்டும் மாத்துறவங்கள பாத்தா எனக்கு பயமா இருக்கு. கன்சிலோட 12 இன்ச் சக்கரத்துக்குள்ள இருக்குற அந்த பிஸ்கட் சைஸ் டிஸ்க், 850 போற வேகத்துக்கு செஞ்சது. ஹாஃப்கட்ல வந்த முன் பிரேக் கொஞ்சம் தடிமன், நடுவுல காத்து போற மாதிரி இருக்கும், அத போட்டு 13 இன்ச் ரிம்முக்கு மாறினேன், முன்னாடி அப்சோர்பரும் புதுசு. ஜப்பான் ஈசியு 140ல கழுத்த புடிச்சு நிறுத்திடும், அத எடுத்து விடவான்னு பட்டறைல கேட்டாங்க, வேணாம்னுட்டேன். ஹைவேல 110தான் லிமிட், அதோட இந்த தகர டப்பாவுல 140ன்னா எதுக்காகன்னு எனக்கே தெரியல.

டர்போ தானா ஒரு தடவ படுத்துச்சு, 2021 கடைசில. சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னு கெளம்பினா பின்னாடி நீலப் புகை, பழைய 850 ஞாபகம் வந்துருச்சு. எஞ்சின் போச்சுன்னு நெனச்சேன், இல்ல, டர்போவுக்குள்ள இருக்குற பேரிங்கும் சீலும் தேஞ்சு எண்ணெய் புகைபோக்கி பக்கம் இறங்குது. அந்த சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அத தாங்குறது ஒரு மெல்லிய எண்ணெய் படலம்தான், எண்ணெய் கருகினா கத முடிஞ்சுது. டர்போவோட நடு உறுப்ப மட்டும் மாத்தி 700 வெள்ளி ஆச்சு. அதுல இருந்து 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ எண்ணெய் மாத்துறேன், ஃபுல்லி சிந்தெடிக், ஒரு தடவகூட தள்ளிப் போட்டதில்ல. ஹைவேல அமுக்கி ஓட்டிட்டு வந்தா உடனே சாவிய திருப்ப மாட்டேன், ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டுதான் அடைப்பேன். எஞ்சின் வெளிய இருக்கும்போதே டைமிங் பெல்ட்டும் தண்ணி பம்பும் மாத்திடுங்க, உள்ள போனதுக்கப்புறம் அந்த எடத்துல ஒரு விரல் நுழையாது.

பெட்ரோல்னு வந்தா மனசு கனக்குது. 850ல லிட்டருக்கு 17 கிலோமீட்டர் சாதாரணமா வந்துச்சு. இதுல டவுன்ல 12, ஹைவேல அடக்கமா ஓட்டினா 15. அதோட நான் 95 ஆக்டேன் பெட்ரோல் இல்ல, வெல கூடின 97தான் ஊத்துறேன், 95 போட்டு வெயில்ல ஏத்தம் ஏறினப்ப எஞ்சின்ல இருந்து டக் டக்குன்னு ஒரு தட்டல் கேட்டுச்சு, அதுக்கப்புறம் ரிஸ்க் எடுக்கல. 95 லிட்டர் 2.05 வெள்ளில நின்ன காலத்துல 97 மூணு வெள்ளிக்கு மேல, கணக்கு நீங்களே போட்டுக்குங்க. இன்னொன்னு, டேங்க் பழைய டேங்க்தான், உள்ள தடுப்பு இல்ல, பெட்ரோல் கால் டேங்குக்கு கீழ போனா வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்த இழுத்து எஞ்சின் இருமும். டர்போ எஞ்சின் பெட்ரோல் கெடைக்காம இருமுறது நல்லதில்ல, அதனால கால் டேங்குதான் எனக்கு காலி டேங்க்.

சத்தம் வர்ற வால்வு ஒன்னும் ஆரம்பத்துல போட்டிருந்தேன், கால எடுத்தா புஸ்ஸ்னு சத்தம் போடுமே அது. ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடி வந்து "தம்பி, டயர்ல காத்து இறங்குதுப்பா"ன்னாங்க. அடுத்த வாரம் கழட்டிட்டேன்.

மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லாதத இங்க சொல்றேன், இந்த ஏழு வருஷத்துல 14,000 வெள்ளிய தாண்டிருச்சு. எஞ்சின் அதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல, மீதி எல்லாம் எஞ்சின சுத்தி இருக்குறதுக்கு. வேகமா போகணும்ங்கிறதுதான் ஆசைன்னா இந்த காசோட இன்னும் கொஞ்சம் போட்டு பழைய மைவி 1.5 வாங்கிட்டு நிம்மதியா இருங்க, ஏர்பேக்காவது இருக்கும். அவசரமா எல்லாத்துக்கும் இந்த ஒரே காடிய நம்பி இருக்குறவங்களும் வேணாம், எங்கிட்ட இப்ப பொண்டாட்டி காடி ஒன்னு இருக்கு, அதனால இது மூணு நாள் பட்டறைல கெடந்தாலும் சமாளிச்சிடுவேன். 70,000 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், கிளட்ச் மெதுவா வழுக்க ஆரம்பிச்சிருக்கு, அடுத்த மாசம் இறக்கணும்.

இந்த தைப்பூசத்துக்கு அப்பாவும் கூட வந்தாரு, பத்துமலை முடிச்சுட்டு ஊருக்கு திரும்புறோம், ஈப்போ தாண்டினதும் "குடுடா நான் ஓட்டுறேன்"னாரு. ஏழு வருஷத்துல முதல் தடவ கேக்குறாரு. குடுத்தேன், டர்போ மேல வர்ற எடம், மீட்டர் எங்க பாக்கணும், எல்லாம் சொன்னேன், தலைய ஆட்டிக்கிட்டாரு. மெனோரா ஏத்தம் ஆரம்பிச்சுச்சு. கை தானா போச்சு, டிக்குன்னு ஏர்கோன அடைச்சிட்டு "கண்ணாடிய இறக்குங்க"ன்னாரு. "அப்பா, இதுக்கு தேவை இல்லப்பா, இழுக்கும்"னேன். "இருக்கட்டும்டா." மக பின்னாடி இருந்து "தாத்தா சூடு, தாத்தா சூடு"ன்னு கத்துறா, அவரு காதுலயே வாங்கல, நாலாவது கியர்ல சிமெண்ட் லோரிய தாண்டி வலது பக்கம் போயிட்டு இருக்காரு.